ஓவர்ஃப்ளோ குழுவில் எத்தனை வேலை திரும்பிப் போகும்? சேவை நேரம் தாறுமாறாக இருந்தால் எப்படிக் கணிப்பது?

கொள்கலன்:

வணக்கம். வீடியோ கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு அமைப்புக்குத் திறன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. வேலைகள் முதலில் 10 வொர்க்கர்கள் உள்ள முதன்மைக் குழுவுக்குப் போகும். பத்தும் பிஸியாக இருந்தால் 5 வொர்க்கர்கள் உள்ள உபரிக் (ஓவர்ஃப்ளோ) குழுவுக்குப் போகும். அதுவும் நிரம்பியிருந்தால் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். எங்கேயும் காத்திருப்பு கிடையாது.

வருகை நிமிடத்துக்கு 10, கிட்டத்தட்ட பாய்சான் (ஒன்றையொன்று சாராமல் சீரற்று வருபவை). சேவை நேரத்தில்தான் தலைவலி. 90 சதவீத வேலைகளுக்குச் சராசரி 12 நொடி. மீதி 10 சதவீதத்துக்குச் சராசரி 8.2 நிமிடம். இரண்டையும் சேர்த்தால் சராசரி 1 நிமிடம், அதாவது சுமை 10 எர்லாங் (வருகை வீதம் × சராசரி சேவை நேரம்). ஒவ்வொரு வகைக்குள்ளும் அடுக்குக்குறிப் பரவல் (எக்ஸ்பொனென்ஷியல்) என்று வைத்தால், மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கம், அதாவது பரவற்படியை (வேரியன்ஸ்) சராசரியின் வர்க்கத்தால் வகுத்தது (இனி 'கெழு வர்க்கம்' என்றே எழுதுகிறேன்) 12.5 வருகிறது. அடுக்குக்குறிப் பரவலாக இருந்தால் அது 1 தானே.

நான் போட்ட கணக்கு: காத்திருப்பு இல்லாத குழுவில் எத்தனை சதவீதம் இடமின்றிப் போகும் என்று சொல்லும் எர்லாங் பி சூத்திரத்தில் 10 வொர்க்கர், 10 எர்லாங் என்று போட்டால் 21.5 சதவீதம் வழிகிறது. அதாவது 2.146 எர்லாங் உபரிக் குழுவுக்குப் போகிறது. அதை 5 வொர்க்கருக்கு மறுபடி எர்லாங் பி-யில் போட்டால் 4.5 சதவீதம். இவ்வளவு மாறுபாடு இருக்கும்போது இந்த 4.5-ஐ நம்பலாமா? வேறு சூத்திரம் இருக்கிறதா?

சந்தேகப்பிராணி:

நம்பவே கூடாது. கெழு வர்க்கம் 12.5 என்றால் காத்திருப்புச் சூத்திரங்களில் (1 + 12.5) ÷ 2, அதாவது 6.75 மடங்கு பெருக்கல் வரும். அடுக்குக்குறிப் பரவலை வைத்துப் போட்ட எந்தக் கணக்கும் உங்கள் அமைப்புக்குப் பொருந்தாது. வொர்க்கர்களை இரட்டிப்பாக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கணக்குப்புலி:

அந்த 6.75 காத்திருக்கும் இடம் உள்ள அமைப்புக்கு. இங்கே காத்திருப்பே இல்லை. அதை இங்கே கொண்டுவந்து பெருக்கினால் அர்த்தமில்லாத எண்தான் கிடைக்கும்.

கொள்கலன், நீங்கள் இரண்டாவது முறை எர்லாங் பி போட்டதுதான் பிரச்சினை. முதல் குழுவிலிருந்து வழிவது பாய்சான் அல்ல. ஆனால் உங்கள் விஷயத்தில் தோராயமே தேவையில்லை, துல்லியமான விடை கையிலேயே இருக்கிறது. முதன்மை, உபரி என்று பெயர் வைத்தது நீங்கள். வரும் வேலைக்கு அது 15 வொர்க்கர்கள் உள்ள ஒரே குழு. பதினைந்தும் பிஸியாக இருந்தால் மட்டுமே வேலை திரும்பும். எந்த வரிசையில் தேடிப் போகிறோம் என்பது இழப்பை மாற்றாது. எனவே மொத்த இழப்பு எர்லாங்(15, 10), அதாவது 15 வொர்க்கர், 10 எர்லாங் சுமைக்கு எர்லாங் பி = 3.65 சதவீதம். உபரிக் குழுவை எட்டிய வேலைகளில் திரும்பிப் போவது 3.65 ÷ 21.46, அதாவது 17 சதவீதம்.

இதில் சேவை நேரத்தின் சராசரி மட்டுமே வருகிறது. கெழு வர்க்கம் 1 ஆனாலும் 12.5 ஆனாலும் 100 ஆனாலும் அதே 17. எர்லாங் 1917-இல் இந்தச் சூத்திரத்தை வெளியிட்டார். பரவலின் வடிவம் எதுவானாலும் இது பொருந்தும் என்பதற்கு 1957-இல் செவஸ்தியானவ் கணித நிரூபணம் கொடுத்தார்.

கொள்கலன்:

4.5 எங்கே, 17 எங்கே! கிட்டத்தட்ட நாலு மடங்கு. சரி, மொத்தமாக 15 என்று பார்ப்பது புரிகிறது. ஆனால் சுமை 2.146 தானே, வொர்க்கர்கள் 5 தானே, அப்படியிருக்க ஏன் இவ்வளவு மோசம்?

பழைய_டெலிகாம்:

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் மாற்றுவழிப் பாதை வந்த காலத்திலிருந்து எல்லோரையும் கடித்த பாம்பு இது. வழியும் அழைப்புகள் சீராக வருவதில்லை. முதல் குழு நிரம்பிய நேரத்தில் மட்டும் வரும், அப்போது மொத்தமாக வரும், இடையில் உபரிக் குழு சும்மா இருக்கும். சராசரி 2.146 என்பது இந்த இரண்டு நிலைகளின் கலவை. உபரிக் குழுவுக்கு வேலை வரும் நேரமெல்லாம் நெரிசல் நேரம்தான்.

இதை அளக்க நாங்கள் 'பீக்கட்னெஸ்' என்ற எண்ணை வைத்திருந்தோம். வழிந்த போக்குவரத்தை எல்லையில்லா வொர்க்கர்கள் உள்ள ஒரு கற்பனைக் குழுவில் விட்டால், அங்கே ஒரே நேரத்தில் எத்தனை பேர் பிஸி என்பதன் பரவற்படியைச் சராசரியால் வகுக்க வேண்டும். பாய்சானுக்கு அது 1. வழிந்த போக்குவரத்துக்கு 1-ஐ விட அதிகம். உள்ளே வரும் சுமை சு, வொர்க்கர் எண்ணிக்கை எ, வழியும் சுமை உ என்றால்:

பீக்கட்னெஸ் = 1 − உ + சு ÷ (எ + 1 + உ − சு)

இது அடுக்குக்குறிச் சேவை நேரத்துக்கான சூத்திரம். உங்கள் சுமைக்கு: 1 − 2.146 + 10 ÷ 3.146 = 2.03. கோஸ்டன் 1937-லேயே இந்த உபரி அமைப்பைத் தீர்த்துவிட்டார். வில்கின்சன் 1956-இல் இதை வைத்து ஒரு முழு வடிவமைப்பு முறையையே கட்டினார். பல குழுக்களிலிருந்து வழிவதைக் கூட்டி, அதே சராசரியும் அதே பரவற்படியும் தரக்கூடிய ஒரே ஒரு கற்பனை முதன்மைக் குழுவைக் கண்டுபிடி, அப்புறம் மொத்தமாக எர்லாங் பி போடு என்பது அவர் வழி. உங்களுக்கு அந்தக் குழு கற்பனையே இல்லை, நிஜமாகவே 10 வொர்க்கர். அதனால்தான் கணக்குப்புலி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவசரத்துக்கு ஹேவர்ட் தோராயம் என்று ஒன்று உண்டு. வொர்க்கர் எண்ணிக்கையையும் சுமையையும் பீக்கட்னெஸ்ஸால் வகுத்து எர்லாங் பி போட வேண்டியதுதான் (வொர்க்கர் எண்ணிக்கை பின்னமாக வரும், அதற்கேற்ற தொடர் வடிவம் இருக்கிறது). இங்கே எர்லாங்(2.46, 1.056), சுமார் 13 சதவீதம். உண்மை 17. சின்னக் குழுவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சொல்கிறது, ஆனாலும் 4.5-ஐப் பார்க்கும்போது எவ்வளவோ தேவலை.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி, ஆனால் மனசு ஒப்பவில்லை. எட்டு நிமிட வேலைகள் ஏழெட்டு வந்து முதன்மைக் குழுவை அடைத்துக்கொண்டால், அவை போகும்வரை எல்லாமே உபரிக் குழுவில் போய் விழும். சேவை நேரம் சீராக இருந்தால் அவ்வளவு நேரம் அடைப்பு நீடிக்காது. அப்படியிருக்க வடிவம் முக்கியமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப்புலி:

நீங்கள் பார்த்தது சரிதான். கெழு வர்க்கம் கூடினால் வழியும் போக்கு நிச்சயமாக மோசமாகிறது. ஒரே ஒரு வொர்க்கரை முதன்மைக் குழுவாக வைத்து இதைக் கையாலேயே கணக்கிடலாம். நீண்ட காலத்தில் வழிந்த வேலைகளின் எண்ணிக்கையை எடுத்து, அதன் பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் கிடைப்பது:

1 + சு × (1 + கெழு வர்க்கம்) ÷ (1 + சு) இன் வர்க்கம்

சுமை 1 எர்லாங் என்று வைத்தால், சேவை நேரம் மாறாமல் இருக்கும்போது 1.25, அடுக்குக்குறிப் பரவலுக்கு 1.5, கொள்கலனின் பரவலுக்கு 4.4. எத்தனை சதவீதம் வழிகிறது என்பது மூன்றிலும் ஒன்றே, 50 சதவீதம். ஆனால் எப்படி வழிகிறது என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

இப்போது மறுபக்கம். கொத்தாக வருவது உபரிக் குழுவை எந்த அளவுக்குத் தாக்கும் என்பது, ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் வாய்ப்பைப் பொறுத்தது. சேவை நேரம் எல்லாருக்கும் சரியாக 1 நிமிடம் என்றால், ஒரு நொடி இடைவெளியில் வந்த இரண்டும் 59 நொடி சேர்ந்தே இருக்கும். கொள்கலனின் பரவலில் பத்துக்கு ஒன்பது வேலை சராசரியாக 12 நொடியில் கிளம்பிவிடுகிறது, கொத்து தானாகக் கரைந்துவிடுகிறது. அளவாகச் சொன்னால், ஒரு வேலை இன்னும் முடியாமல் இருக்கும் நிகழ்தகவின் வர்க்கத்தைக் காலம் முழுக்கத் தொகையிட வேண்டும். சராசரி 1 நிமிடமாகவே இருக்க, மாறாத நேரத்துக்கு அது 1, அடுக்குக்குறிப் பரவலுக்கு 0.5, கொள்கலனுக்கு 0.157.

அதாவது அடைப்பு நீளமாகிறது, ஆனால் அடைப்பின்போது வருபவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். ஒரே பாய்சான் வருகை, இரண்டு குழுவிலும் அதே சேவை நேரப் பரவல் என்ற நிபந்தனையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று முழுமையாகச் சமன்செய்துகொள்கின்றன. இது தோராயமல்ல. 15 பேர் கொண்ட குழு என்று பார்த்தாலே அது தெரிந்துவிடுகிறது. மேலே சொன்ன தொகையீடெல்லாம் "ஏன்?" என்று கேட்பவர்களுக்காக.

இதையே வெளியிலிருந்து கொத்தாக வரும் வருகைக்குப் பயன்படுத்திப் பாருங்கள், விடை இன்னும் வியப்பாக இருக்கும். வருகையின் சிதறல் குறியீடு (வருகை எண்ணிக்கையின் பரவற்படி ÷ சராசரி, பாய்சானுக்கு 1) 4, கொத்துகள் சேவை நேரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறுகியவை என்று வைத்துக்கொள்வோம். பீக்கட்னெஸ் 1 + 3 × (மேலே தொகையிட்டுக் கிடைத்த எண்). மாறாத சேவை நேரத்துக்கு 4, அடுக்குக்குறிக்கு 2.5, கொள்கலனின் தாறுமாறான பரவலுக்கு 1.47. காத்திருப்பு இல்லாத அமைப்பில் மாறுபாடு உதவிக்கூடச் செய்யும்.

சந்தேகப்பிராணி:

இது பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உபரிக் குழுவில் சேவை நேரம் வேறாக இருந்தால்?

கணக்குப்புலி:

அப்போது இந்தச் சமநிலை உடைந்துவிடும். உபரிக் குழுவில் பழைய, மெதுவான இயந்திரங்கள் இருந்தால் 15 பேர் என்று கூட்ட முடியாது. பல முதன்மைக் குழுக்கள் ஒரே உபரிக் குழுவில் கொட்டினாலும் அப்படித்தான். அங்கே வில்கின்சன், ஹேவர்ட் தோராயங்களுக்குப் போக வேண்டியதுதான். பீக்கட்னெஸ் கணக்கிடும்போது உபரிக் குழுவின் பரவலைப் போட மறக்கக் கூடாது.

லூப்_ராணி:

நான் இதை சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தேன். உபரிக் குழுவின் தடுப்பு (வந்த வேலைகளில் திரும்பிப் போகும் பங்கு) 17 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அடுக்குக்குறி, கொள்கலனின் பரவல் இரண்டிலும். ஆனால் ஒரு வித்தியாசம்: கொள்கலனின் பரவலில் அந்த எண் நிலைக்கு வர ரொம்ப நேரம் பிடிக்கிறது. கணக்குப்புலி சொன்ன 1.5-க்கு எதிராக 4.4 என்பது இங்கேதான் கடிக்கிறது. நீண்டகாலச் சராசரிதான் பரவலைக் கண்டுகொள்ளாது. ஒரு மணி நேரத்து எண்ணிக்கை அப்படியில்லை, பயங்கரமாக ஆடும். ஆகவே ஒருநாள் லாகில் 9 சதவீதம் பார்த்துவிட்டு "சூத்திரம் தப்பு" என்றோ, மறுநாள் 28 பார்த்துவிட்டு "எவனோ கோடை மாற்றிவிட்டான்" என்றோ கிளம்ப வேண்டாம். நம்பக இடைவெளி போடும்போது வழிந்த வேலைகள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சோதனையாக எண்ணினால் இடைவெளி பொய்யாகக் குறுகலாக வரும். ஓட்டத்தை நீளமான துண்டுகளாக வெட்டி, துண்டுச் சராசரிகளிலிருந்து இடைவெளி எடுங்கள்.

அப்புறம் இன்னொரு பொறி. டேஷ்போர்டில் "உபரிக் குழு நிரம்பியிருந்த நேரத்தின் சதவீதம்" என்று ஒரு வரைபடம் இருக்கும். அதைத் தடுப்பு விகிதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன உதாரணம்: முதன்மையில் 1, உபரியில் 1, சுமை 1 எர்லாங்.

எர்லாங்(1, 1) = 50 சதவீதம், எர்லாங்(2, 1) = 20 சதவீதம். உபரி வொர்க்கர் சுமப்பது 0.5 − 0.2 = 0.3 எர்லாங். எனவே அவர் பிஸியாக இருக்கும் நேரம் 30 சதவீதம். ஆனால் அவரிடம் வந்த வேலைகளில் திரும்பிப் போவது 20 ÷ 50 = 40 சதவீதம். பாய்சான் என்று நினைத்துப் போட்டால் 33 சதவீதம். ஒரே அமைப்புக்கு மூன்று எண்கள், வேலையை அனுப்பியவர் அனுபவிப்பது 40 மட்டும்தான். பாய்சான் வருகை நேரச் சராசரியைப் பார்க்கும், வழிந்த வருகை பார்க்காது.

பழைய_டெலிகாம்:

லூப்_ராணி சொன்ன அந்த நேரச் சதவீதக் குழப்பம் எங்கள் காலத்திலும் உண்டு. நிரம்பியிருந்த நேரத்தின் பங்குக்கு 'டைம் கன்ஜெஷன்', திரும்பிப் போன அழைப்புகளின் பங்குக்கு 'கால் கன்ஜெஷன்' என்று இரண்டு தனிப் பெயர் வைத்தே பிரித்தோம். அப்படியும் குழப்பினார்கள்.

சிமுலேஷன் ஓட்டுபவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: சுமை அதிகமாக உள்ள அமைப்பில், திரும்பிப் போன வேலைகளை எண்ணி வகுப்பதைவிட, சராசரியாக எத்தனை பேர் பிஸி என்று அளந்து அதை மொத்தச் சுமையால் வகுத்து 1-லிருந்து கழித்தால் குறைந்த ஓட்டத்திலேயே துல்லியம் கிடைக்கும். லிட்டிலின் விதிதான் காரணம் (சராசரி பிஸி எண்ணிக்கை = ஏற்ற வேலைகளின் வருகை வீதம் × சராசரி சேவை நேரம்). சுமை குறைவாக இருந்தால் நேராக எண்ணுவதே மேல்.

கொள்கலன்:

அருமை. எல்லாருக்கும் நன்றி. இப்போது அடுத்த கட்டம். முதன்மைக் குழுவுக்கு முன்னால் 10 இடம் கொண்ட ஒரு வரிசை வைக்கலாம் என்று அணியில் பேசிக்கொண்டிருக்கிறோம். வரிசை நிரம்பினால் மட்டும் உபரிக் குழுவுக்குப் போகும். அடுக்குக்குறிப் பரவலை வைத்துக் கணக்குப் போட்டால் வழிவது 21.5-லிருந்து 6.8 சதவீதமாக இறங்குகிறது. சேவை நேரத்தின் வடிவம்தான் முக்கியமில்லையே, இந்த 6.8-ஐ எழுதிக் கொடுத்துவிடலாமா?

பழைய_டெலிகாம்:

கொடுக்காதீர்கள்! வரிசை வந்தாலே ஆட்டம் வேறு. வடிவம் முக்கியமில்லை என்ற சலுகை காத்திருப்பு இல்லாதவரைக்கும்தான்.

கணக்குப்புலி:

ஒரு வொர்க்கர், ஒரே ஒரு காத்திருக்கும் இடம் என்று எடுத்தால் எல்லாமே கையால் வரும். எம்/ஜி/1/2 என்பார்கள்: பாய்சான் வருகை, எந்தச் சேவை நேரப் பரவலும், 1 வொர்க்கர், மொத்தம் 2 இடம். சுமை 0.8. ஒரு சேவை நேரத்துக்குள் புது வேலை எதுவும் வராமல் இருக்கும் நிகழ்தகவை 'வெ' என்று வைத்தால், தடுப்பு = 1 − 1 ÷ (வெ + 0.8).

மாறாத நேரம்: வெ = 0.449, தடுப்பு 20 சதவீதம்.
அடுக்குக்குறி: வெ = 0.556, தடுப்பு 26.2.
கொள்கலனின் கலவை: வெ = 0.789, தடுப்பு 37.1.

காத்திருக்கும் இடமே இல்லாவிட்டால் மூன்றுக்கும் ஒரே விடை, 44.4. ஆக அந்த ஒற்றை நாற்காலி முதல் அமைப்பில் 24 புள்ளிகளைச் சேமிக்கிறது, கடைசி அமைப்பில் 7 மட்டும். வெ எவ்வளவு கூடினாலும் 1-ஐத் தாண்டாது. அதனால் தடுப்பும் 44.4-ஐத் தாண்டாது. மாறுபாடு கூடக்கூட வரிசை இடத்தின் மதிப்பு கரைந்து, கடைசியில் வரிசையே இல்லாத அமைப்பாகிவிடுகிறது. காரணமும் எளிது: வொர்க்கரிடம் நீளமான வேலை மாட்டிக்கொண்ட கணத்தில் வரிசை சீக்கிரமே நிரம்பிவிடும், அப்புறம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உங்கள் 10 + 10 அமைப்பிலும் இதே கதை. ஒரு முனை 6.8, மறு முனை 21.5. உண்மை இரண்டுக்கும் நடுவில். வரிசையை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் நான் 21.5-ஐயே வடிவமைப்பு எண்ணாக எடுப்பேன்.

சந்தேகப்பிராணி:

என் (1 + கெழு வர்க்கம்) ÷ 2 கடைசியில் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்! வரிசை இடங்களை 6.75-ஆல் வகுத்துவிட்டு அடுக்குக்குறிச் சூத்திரத்தில் போட்டால்? 10 ÷ 6.75 = 1.48 இடம். சுமையும் வொர்க்கரும் சமமாக இருப்பதால் சூத்திரம் எளிது: 0.2146 ÷ (1 + 1.48 × 0.2146) = 16.3 சதவீதம்.

கணக்குப்புலி:

முதல் மதிப்பீட்டுக்கு நல்ல யோசனை. நெரிசல் அதிகமான அமைப்பில் வரிசை நீளத்தின் அளவுகோல் அந்தக் காரணியால்தான் விரிகிறது, ஆகவே இடத்தை அதால் சுருக்குவதில் நியாயம் இருக்கிறது. என் ஒற்றை வொர்க்கர் உதாரணத்தில் போட்டுப் பார்த்தேன்: 40.6 தருகிறது, உண்மை 37.1. கொஞ்சம் கூடவே சொல்கிறது, பாதுகாப்பான பக்கம். மாறாத சேவை நேரத்தில் போட்டால் 17.3 தருகிறது, உண்மை 20. அங்கே பாதுகாப்பற்ற பக்கம்.

ஆனால் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. கெழு வர்க்கம் என்ற ஒற்றை எண் போதவே போதாது. வேறொரு கலவை எடுங்கள்: 99 சதவீத வேலைக்குச் சராசரி 0.759 நிமிடம், 1 சதவீதத்துக்கு 24.88 நிமிடம். மொத்தச் சராசரி 1, கெழு வர்க்கம் அதே 12.5. வெ = 0.6165. தடுப்பு 29.4 சதவீதம்! அதே சராசரி, அதே பரவற்படி, ஒன்றில் 37.1, இன்னொன்றில் 29.4. பரவற்படி முழுவதையும் அபூர்வமான ஒரு ராட்சத வேலை தூக்கிப்பிடிக்கிறதா, பத்துக்கு ஒன்றாக வரும் பெரிய வேலைகள் தூக்கிப்பிடிக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறுகிய வரிசைக்குப் பரவலின் வால் அவ்வளவாகத் தெரியாது. சுமையில் எவ்வளவு பங்கு நீள வேலைகளிடம் இருக்கிறது என்பதே தெரியும். கொள்கலனிடம் அது 82 சதவீதம், என் கலவையில் 25 சதவீதம்கூட இல்லை.

லூப்_ராணி:

அதனால்தான் வரிசை வந்த பிறகு நான் சூத்திரத்தை விட்டுவிட்டு உங்கள் லாகில் உள்ள சேவை நேரங்களையே எடுத்துக் குலுக்கிப் போட்டு ஓட்டச் சொல்வேன். இரண்டு எச்சரிக்கை. டைம்அவுட் ஆகிக் கொல்லப்பட்ட வேலைகள் லாகில் டைம்அவுட் நேரத்தோடு பதிவாகியிருக்கும். டைம்அவுட்டை மாற்றும் யோசனை இருந்தால் அந்தத் தரவு உதவாது. அடுத்தது, ஒரே வாடிக்கையாளர் பத்து நீளமான வீடியோவை ஒன்றாக ஏற்றினால் நீள வேலைகள் சேர்ந்தே வரும். குலுக்கினால் அந்தத் தொடர்பு அழிந்துவிடும். வரிசை இல்லாத அமைப்பில்கூட எர்லாங் பி அப்போது செல்லாது, ஏனென்றால் வருகையும் சேவை நேரமும் சார்பற்றவை என்பதுதான் அதன் அடிப்படை. குலுக்கியும் ஓட்டுங்கள், லாகின் வரிசையிலேயே மாற்றாமலும் ஓட்டுங்கள். இரண்டும் விலகினால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கொள்கலன்:

திரும்பிப் போன வேலைகளை கிளையண்ட் சில நிமிடம் கழித்து மறுபடி அனுப்பும். அதைக் கணக்கில் எடுக்கணுமா?

பழைய_டெலிகாம்:

கண்டிப்பாக. வரிசை இல்லாத 15 பேர் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். எல்லாரும் விடாமல் மறுபடி முயன்றால், கடைசியில் 10 எர்லாங்கும் உள்ளே போயாக வேண்டும். ஆகவே வரும் சுமை × (1 − தடுப்பு) = 10 ஆகும்படி சுமையைத் தேட வேண்டும். சுமார் 10.49 எர்லாங்கில் நிற்கிறது, தடுப்பு 3.65-லிருந்து 4.7 சதவீதம் ஆகிறது. மறுமுயற்சிக்கு நடுவில் போதிய இடைவெளி இருந்தால்தான் இந்தக் கணக்கு. உடனே உடனே அனுப்பினால் அதே நெரிசலில் போய் முட்டும், எண் இதைவிட மோசமாகும். இடைவெளியைச் சீரற்றதாக வையுங்கள்.

கொள்கலன்:

கடைசியாக ஒன்று. அணியில் ஒருவர், நீள வேலைகளுக்குத் தனிக் குழு, குட்டி வேலைகளுக்குத் தனிக் குழு என்று பிரித்துவிடலாம் என்கிறார். வரிசையும் வேண்டாம், வழிவதும் வேண்டாம் என்கிறார். எந்த வேலை எது என்பது கோப்பின் அளவைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

சந்தேகப்பிராணி:

பிரித்தால் மோசமாகும். பெரிய குழு எப்போதும் சின்னக் குழுக்களைவிடத் திறமையானது. இதுகூடத் தெரியாதா அவருக்கு?

கணக்குப்புலி:

அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். கணக்கு சுவாரசியமாக இருக்கிறது. குட்டி வேலைகளின் சுமை 1.8 எர்லாங், நீள வேலைகளின் சுமை 8.2. குட்டிகளுக்கு 6, நீளத்துக்கு 9 என்று பிரித்தால், குட்டிகளின் தடுப்பு 0.8 சதவீதம், நீளத்துக்கு 18.3 சதவீதம். எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது குட்டி என்பதால் மொத்தத்தில் திரும்பிப் போகும் வேலைகள் 2.5 சதவீதம்தான். சேர்த்து வைத்திருந்தபோது 3.65. ஆக எண்ணிக்கையில் குறைந்துவிட்டது!

ஆனால் சுமையாகப் பாருங்கள். சேர்த்து வைத்தபோது 10 எர்லாங்கில் 3.65 சதவீதம் போயிற்று. பிரித்த பிறகு குட்டியில் 0.014 எர்லாங், நீளத்தில் 1.5 எர்லாங், மொத்தம் 15 சதவீதம் வேலை செய்யப்படாமல் போகிறது. குட்டிகளுக்கு 5, நீளத்துக்கு 10 என்று பிரித்தால் எண்ணிக்கையில் 3.7 சதவீதம், கிட்டத்தட்ட பழைய எண்ணே, சுமையில் 11 சதவீதம். சந்தேகப்பிராணி சொன்ன 'மோசம்' சுமையில் உண்மை, எண்ணிக்கையில் எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கொள்கலன்:

நீள வேலைகள்தான் கட்டணம் செலுத்துபவர்களுடையவை. அதில் 18 சதவீதம் திருப்பி அனுப்ப முடியாது.

கணக்குப்புலி:

அப்படியானால் பிரிக்காதீர்கள். அணியில் எதிர்த்துக் கேட்டால் 9 வொர்க்கரில் 18.3 என்ற அந்த ஒரு எண்ணைக் காட்டுங்கள். பதினைந்தையும் சேர்த்தே வைத்து, நீள வேலைகளுக்கு மட்டும் முன்னுரிமை வேண்டுமானால் கடைசி ஒன்றிரண்டு வொர்க்கர்களை அவற்றுக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அப்படி ஒதுக்கினால் யாரை ஏற்பது என்பது அமைப்பின் நிலையைப் பொறுத்து மாறும், பரவலின் வடிவம் முக்கியமில்லை என்ற வசதி அங்கேயும் போய்விடும். லூப்_ராணியின் முறையில் லாகை வைத்து ஓட்டித்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

லூப்_ராணி:

லாகைத் தனிமடலில் அனுப்புங்கள் கொள்கலன். அடையாளங்களை நீக்கிவிட்டு, வந்த நேரமும் ஓடிய நேரமும் மட்டும் இருந்தால் போதும். ஒதுக்கீடு 0, 1, 2 என மூன்றுக்கும் ஓட்டித் தருகிறேன். டைம்அவுட் ஆனவற்றை மட்டும் தனியாகக் குறித்துவிடுங்கள்.